பழைய வண்டிக்குப் புது விசை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கமலையில் மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் வந்து சேர்ந்ததும், பின்னர் அந்த எஞ்சின் நின்ற மேடையிலேயே மின்சார மோட்டார் அமர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கோயம்புத்தூர் வட்டாரத்தில் வேரூன்றிய அந்த மாறுதல், மின்கம்பி சென்ற ஊர்களுக்கெல்லாம் படிப்படியாகப் பரவியது. கிணறு பழைய கிணறே. வாய்க்காலும் வயலும் பழையனவே. நீரை மேலேற்றும் விசை ஒன்றுதான் மாறிற்று.

இதே மாறுதலை இன்று ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் சிலர் தங்கள் பழைய மோட்டார் வண்டிகளில் செய்து வருகின்றனர். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வேன் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, மின்சார மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்தி ஓட்டுகின்றனர். இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் எங்கே கணக்கு வேண்டும், எங்கே அச்சம் வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே நம் இன்றைய நோக்கம். மோட்டாரின் குணம் பம்பு செட்டு வைத்திருப்பவர்களுக்குப் புதியதன்று. ஆகவே இந்த விஷயம் நமக்கு எளிதில் விளங்கும்.

வண்டி பிறந்த கதை

நாம் உதாரணமாக எடுத்துக்கொள்ளும் வண்டி, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் தொழிற்சாலை செய்த வேன். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஹாலந்து நாட்டில் அந்தத் தொழிற்சாலையின் கார்களைப் பின்னர் விற்ற பென் பொன் என்பவர், தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் சரக்குக்கு இடம். ஏறக்குறைய ஒரு பெட்டியைப் போன்ற அவ்வடிவம் 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் வண்டியாக உருப்பெற்றது. 25 குதிரை சக்தி கொண்ட சிறிய எஞ்சின். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டியதில்லை, காற்றே போதும். அந்த எளிய வண்டி முக்கால் டன் பாரம் சுமந்தது.

1951ஆம் ஆண்டிலிருந்து வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் இவ்வேனுக்குள் படுக்கை, மேசை, அலமாரி ஆகியவற்றைப் பொருத்தித் தரலாயிற்று. பகலில் வண்டி, இரவில் வீடு. 'கேம்பர் வேன்' என்ற பெயரில் இது உலகப் புகழ் பெற்றது. குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கித் திரும்புவதற்கு ஏற்ற சாதனமாயிற்று. 1967ஆம் ஆண்டில் இரண்டாம் வடிவம் வந்தது. ஜெர்மனியில் அவ்வடிவம் 1979இல் நின்றபோதிலும், பிரேசில் நாட்டில் 2013ஆம் ஆண்டு டிசம்பர் வரை உற்பத்தி தொடர்ந்தது.

இவ்வண்டிகளில் பல இன்றும் நல்ல உடலோடு இருக்கின்றன. எஞ்சின் மாத்திரம் தளர்ந்துவிட்டது. மேடு ஏறத் திணறுகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, பழைய உதிரிப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. உடல் உரமாக இருக்கும் மாட்டுக்குக் குளம்பில் நோவு என்றால், மாட்டையே விற்றுவிடுவதில்லை. குளம்புக்குப் பரிகாரம் தேடுகிறோம். அம்முறையில்தான் மின்சார மோட்டாரைப் பற்றிய எண்ணம் அவ்வண்டிகளை வைத்திருப்போருக்கு எழுகிறது.

அன்று கூடாதது இன்று கூடியது எவ்வாறு?

இந்த எண்ணம் புதியதும் அன்று. வோக்ஸ்வாகன் தொழிற்சாலையே 1972ஆம் ஆண்டில் இதே வேனை மின்சாரத்தால் ஓட்டிக் காட்டியது. மோட்டார் நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காலத்தில் கிடைத்தது ஈயப் பாட்டரி. 21.6 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க ஏறத்தாழ 880 கிலோ எடையுள்ள பாட்டரியை வண்டி சுமக்க வேண்டியிருந்தது. ஒரு யூனிட்டுக்கு 40 கிலோ வீதம் ஆகிறது. வண்டியின் வலுவில் பெரும்பகுதி பாட்டரியைச் சுமப்பதிலேயே கழிந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் 100 கிலோமீட்டர் தூரத்தைக்கூட அவ்வண்டி எட்டவில்லை.

2020ஆம் ஆண்டில் அதே தொழிற்சாலை, ஈகிளாசிக்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்துடன் சேர்ந்து, 1966ஆம் ஆண்டில் செய்த ஒரு பழைய வேனை மீண்டும் மின்சார வண்டியாக மாற்றியது. கழற்றி எடுத்த எஞ்சினின் சக்தி 44 குதிரை. பொருத்திய மோட்டாரின் சக்தி 83 குதிரை. பாட்டரியின் கொள்ளளவு 45 யூனிட். ஒரு முறை சார்ஜ் செய்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் என்று அறிவித்தார்கள்.

இவ்விரண்டு முயற்சிகளுக்கும் இடையே பெரிதும் மாறியது பாட்டரியே. இன்று பயன்படுவது லிதியம் பாட்டரி. 2010ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்ற மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பாட்டரியில் 48 சிறு கட்டுகள் உள்ளன. ஒவ்வொரு கட்டும் புதிதாக இருக்கையில் அரை யூனிட் மின்சாரம் கொள்ளும். எடை ஏறத்தாழ 3.8 கிலோ. கணக்கிட்டுப் பார்த்தால் யூனிட்டுக்கு 8 கிலோவுக்கும் குறைவு. ஈயப் பாட்டரியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். விபத்தில் சிக்கி உடைக்கப்பட்ட இத்தகைய கார்களின் நல்ல கட்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்த பிறகுதான், வீட்டுக் கொட்டகையில் வேனை மாற்றுவது சாமானியருக்குக் கைகூடும் காரியமாயிற்று.

பெட்ரோலும் யூனிட்டும்

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இப்பழைய வேன் 100 கிலோமீட்டர் செல்லச் சுமார் 12 லிட்டர் பெட்ரோலைக் குடிக்கும். அதாவது 108 யூனிட் சக்தி செலவாகிறது. அதே உடலை மின்சாரத்தால் ஓட்டும்போது, மேற்சொன்ன 45 யூனிட்டுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்குப்படி, 100 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டரை யூனிட் போதும். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சக்தியை வைத்துக்கொண்டே அந்த வண்டி 200 கிலோமீட்டர் சென்றுவிடுகிறது.

இதன் காரணத்தை ஆயில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் வெளியேறிவிடுகிறது. மின்சார மோட்டாரோ தான் பெற்ற சக்தியில் பத்தில் ஒன்பது பங்கைச் சுழற்சியாகத் திருப்பித் தருகிறது. அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததானால் புகை மின்நிலையத்தில் எழும் என்பதையும் மறத்தலாகாது. காற்றாலையிலோ சூரிய ஒளியிலோ நீரிலோ பிறந்ததானால் அந்தக் குறையும் நீங்குகிறது.

முதலில் எடை மேடை

இனி வேலைக்கு வருவோம். இத்தகைய வேலையில் நன்கு தேர்ந்தவர்கள் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. காகிதத்தையும் பென்சிலையும் எடுக்கின்றனர். வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் செல்ல வேண்டும்? எத்தனை பேர் ஏறுவர்? வழியில் மலை உண்டா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் பாட்டரியின் அளவு முடிவாகும்.

ஒரு குடும்பம் நாள் ஒன்றுக்கு 120 கிலோமீட்டர் செல்ல விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 4 கிலோமீட்டர் எனக் கொண்டால் 30 யூனிட் தேவை. பாட்டரியை அடியோடு வற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். காற்று எதிர்த்து வீசினாலும், குளிர் மிகுந்தாலும், வேகம் கூடினாலும் செலவு ஏறும். ஆகவே கால் பங்கு கூட்டி ஏறத்தாழ 38 யூனிட் கொள்ளும் பாட்டரியை வைப்பதே விவேகம். லீஃப் கட்டுகளானால் 76 வேண்டும். அவற்றின் எடை 290 கிலோ அளவாகிறது. அவற்றை அடக்கும் இரும்புப் பெட்டிகளின் எடை தனி.

கழற்றி எடுப்பது என்ன? எஞ்சின் ஏறத்தாழ 100 கிலோ. தொட்டி நிறையப் பெட்ரோல் 60 லிட்டர் என்றால் அது 44 கிலோ. புகைக்குழாயும் தொட்டியும் சேர்ந்து இன்னும் சிறிது. இவற்றைக் கழித்து, மோட்டாரின் எடையைக் கூட்டினால், வண்டி முன்னிலும் 200 முதல் 250 கிலோ வரை கனக்கிறது என்பது தெரியவரும். பிற்கால வேன்கள் ஒரு டன் பாரம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் இது கேம்பர் வேன். அலமாரியும் படுக்கையும் 200 கிலோ, நால்வர் 280 கிலோ, தண்ணீரும் மூட்டை முடிச்சும் 120 கிலோ என்று கூட்டிப் பாருங்கள். பாட்டரியின் மிகைப் பாரத்தோடு சேர்ந்து 850 கிலோவாகிவிடுகிறது. தூரத்துக்கு ஆசைப்பட்டு இன்னும் ஒரு மடங்கு பாட்டரியை ஏற்றினால், வண்டி தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

ஆகவே எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் ஒரு முறையும், வேலை முடிந்த பின் ஒரு முறையும் வண்டியை எடை மேடையில் ஏற்ற வேண்டும். முன் அச்சின் எடையையும் பின் அச்சின் எடையையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வண்டியில் எஞ்சின் பின்புறம் இருந்தமையால் பின் பாரம் இயல்பாகவே மிகுதி. பாட்டரி முழுவதையும் பின்னாலேயே அடுக்கினால் முன் சக்கரம் மண்ணைக் கவ்வாது, திருப்பம் தடுமாறும். பின்பாரம் ஏறிய மாட்டு வண்டியில் நுகத்தடி மேலே தூக்குவதை நாம் கண்டதில்லையா? பெட்ரோல் தொட்டி இருந்த இடத்தில் ஒரு பகுதியும், வண்டியின் நடுவில் அடித்தளத்தின்கீழ் ஒரு பகுதியுமாகப் பாட்டரியைப் பிரித்து வைத்துப் பாரத்தைச் சமன் செய்கின்றனர்.

பாரம் கூடினால் பிரேக்கும் வலுக்க வேண்டும். 1970ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வேன்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. அவற்றை மாற்றுவோர் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் அமைத்து, ஸ்பிரிங்குகளையும் டயர்களையும் புதிய எடைக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுக்கின்றனர். ஓடவைக்கும் வேலைக்கு முன்னதாக நிறுத்தும் வேலையை முடிப்பது அறிவுடைமை.

பொருத்தும் முறை

பழைய கியர்ப் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வதுதான் வீட்டில் வேலை செய்வோர் பெரும்பாலும் கையாளும் முறை. எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தி, இடையில் ஒரு கனத்த அலுமினியத் தகட்டை வைத்து முடுக்குகின்றனர். மோட்டாரின் தண்டும் கியர்ப் பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பம்பும் மோட்டாரும் ஒரே நேரில் அமையாவிட்டால் கப்ளிங் அடித்துக்கொள்ளும், பேரிங் தேயும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதைவிட நுட்பம் தேவை. சிறிது விலகினாலும் நாளடைவில் தண்டு கெடும். ஆகவே இத்தகட்டை வீட்டில் அறுக்காமல், லேத்துப் பட்டறையிலோ இதற்கென்றே உள்ள கடையிலோ செய்து வாங்குவது வழக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையைத் தரும். பழைய எஞ்சினைப் போல் இரு மடங்கு முறுக்கும் மோட்டார்களும் சந்தையில் உள்ளன. அறுபது ஆண்டுப் பற்சக்கரங்கள் அதைத் தாங்க மாட்டா. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அளந்துவிடும் கண்ட்ரோலர் என்ற கருவியில் ஓர் எல்லையை வகுத்துவிட்டால் கியர்ப் பெட்டி தப்பும்.

எஞ்சின் போன இடத்தில் அது செய்துவந்த சில்லறை வேலைகளும் போய்விடுகின்றன. விளக்குக்கும் துடைப்பானுக்கும் மின்சாரம் தந்த டைனமோ இல்லை. பெரிய பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கருவி ஒன்று அதற்குப் பதிலாக வேண்டும். எஞ்சினின் உறிஞ்சு விசையால் பிரேக்குக்கு உதவி கிடைத்த வேன்களில், அவ்வேலைக்குத் தனியாக ஒரு மின்சாரப் பம்பு வேண்டும். குளிர்நாட்டில் எஞ்சினின் வெப்பமே வண்டியின் உட்புறத்துக்குக் கணப்பாக இருந்தது. இப்போது மின்சாரக் கணப்பு வைக்க நேர்கிறது. அது பாட்டரியிலிருந்து தன் பங்கைக் கேட்கிறது. எனவேதான் குளிர்காலத்தில் அங்கெல்லாம் மின்சார வண்டி செல்லும் தூரம் குறைகிறது.

பழைய கட்டுகளை வாங்குவோர் ஒவ்வொன்றையும் முழுமையாகச் சார்ஜ் செய்து, பின் அளந்து வெளியேற்றி, எத்தனை யூனிட் தருகிறது என்று பதிவு செய்கின்றனர். விதை நெல்லின் முளைப்புத் திறனைச் சோதித்துப் பார்ப்பது போன்றதே இது. தொடராக இணைத்த கட்டுகளில் மிகவும் மெலிந்தது எதுவோ, அதன் அளவுக்குத்தான் மற்றவையும் உழைக்க முடியும். இணை மாடுகளில் தளர்ந்த மாட்டின் நடையே ஏரின் நடை ஆகிறதல்லவா? ஆகையால் சம வலுவுள்ளவற்றைத் தேர்ந்து சேர்க்கின்றனர். ஒவ்வோர் அறையின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் இடைவிடாது பார்த்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் கருவியும் கட்டாயம் வேண்டும். இவ்வகை லிதியம் அறைக்கு 4.2 வோல்ட் மேல் எல்லை. அதைத் தாண்டிச் சார்ஜ் ஏற்றினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. நீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்வதும் அறைகளைக் கெடுக்கும்.

உயிர்க்காப்பு

இப்போது மிகவும் முக்கியமான பகுதிக்கு வந்திருக்கிறோம். மோட்டார் வண்டியின் பழைய 12 வோல்ட் பாட்டரியை வெறுங்கையால் தொட்டுப் பழகியவர்கள், வேனின் புதிய பாட்டரியையும் அவ்வாறே நினைத்தால் உயிருக்கு முடிவு நேரும். நேர்திசை மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர் மின்னழுத்தம் என்று சர்வதேச வாகன விதிகள் வரையறுக்கின்றன. ஒரு லீஃப் காரின் முழுப் பாட்டரி, சார்ஜ் நிறைந்திருக்கையில் 400 வோல்ட் காட்டும்.

பம்பு செட்டில் பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைக்கிறோம். அதன் பிறகு கம்பியில் மின்சாரம் இல்லை. பாட்டரிக்கோ மெயின் சுவிட்சு கிடையாது. கட்டுகள் எப்போதும் உயிருள்ளவை. மேலும், நம் வீட்டு மின்சாரம் ஒரு வினாடியில் 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் தீப்பொறி அறுபட வாய்ப்புண்டு. நேர்திசை மின்சாரத்தில் அவ்வாய்ப்பு இல்லை. கம்பி விலகியபோதும் பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சுவிட்சையும் வீட்டு ஃப்யூசையும் இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது என்று விதித்திருப்பது இதனால்தான்.

இவ்வேலையில் கைதேர்ந்தவர்கள் பின்பற்றும் ஒழுங்கு பின்வருமாறு. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுகின்றனர். உயர் அழுத்தத்துக்கென்று சோதித்த ரப்பர்க் கையுறையையும், பிடியில் காப்பிட்ட கருவிகளையும் பயன்படுத்துகின்றனர். தனியே ஒருவர் வேலை செய்வதில்லை. என்ன நேர்ந்தால் என்ன செய்வது என்று அறிந்த மற்றொருவர் அருகில் நிற்கிறார். பெரிய பாட்டரியை 60 வோல்ட்டுக்குக் குறைந்த பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பொருத்தி, கடைசி இணைப்பை எல்லாவற்றுக்கும் இறுதியில் கொடுக்கின்றனர். இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்ட்ரோலரின் உள்ளே சிறிது நேரம் மின்சாரம் தங்கும். ஆகவே பொறுத்திருந்து, மீட்டரில் அளந்து, பூஜ்யம் கண்ட பின்னரே கை வைக்கின்றனர். உயர் அழுத்தக் கம்பிகளுக்கெல்லாம் ஆரஞ்சு நிற உறை இடுகின்றனர். நாளை வண்டியைத் திறக்கும் மெக்கானிக்கும், விபத்தின்போது ஓடி வரும் தீயணைப்பு வீரரும் அந்நிறத்தைக் கண்டதும் எச்சரிக்கை அடைவார்கள்.

பழைய வண்டிகளில் 12 வோல்ட் சுற்றின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடலோடு இணைத்திருப்பார்கள். உயர் அழுத்தச் சுற்றில் இது கூடவே கூடாது. இரு முனைகளும் உடலைத் தொடாமல் தனித்திருக்க வேண்டும். மோதல் நேர்ந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சும், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் அவசரத் துண்டிப்பும் அமைய வேண்டும்.

கேம்பர் வேனுக்கென்று மேலும் ஒரு கடமை உண்டு. சரக்கு வண்டியில் சாமான்தான் இருக்கும்; இவ்வண்டியிலோ பாட்டரிப் பெட்டியின் மேலேயே குழந்தைகள் உறங்குகின்றனர். அருகில் அடுப்பு எரிகிறது. கெட்டுப்போன லிதியம் அறையிலிருந்து எழும் வாயு நஞ்சுள்ளது, எரியக்கூடியது. ஆகவே பாட்டரிப் பெட்டி உலோகத்தால் ஆகி, உட்புறத்தோடு எவ்விதத் திறப்பும் இல்லாமல் அடைபட்டு, அதன் வாயுப் போக்கி வண்டிக்கு வெளியே கீழ்நோக்கித் திறந்திருக்க வேண்டும். சமையல் வாயு உருளையை இதற்கு எட்டத்தில் வைக்க வேண்டும். புகை கண்டால் ஒலிக்கும் மணி ஒன்றும் உறங்கும் இடத்தில் வேண்டும். இச்செலவில் மிச்சம் பிடிக்க நினைப்பவர் இவ்வேலையைத் தொடாதிருத்தல் நலம்.

சட்டமும் சான்றும்

வீட்டில் செய்த வேலை என்பதால் சாலை விதியிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஆராய்ந்து, மாறுதலை வண்டியின் பத்திரத்தில் பதிய வேண்டும். பிரிட்டனில் எரிபொருள் வகை மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பிரான்சு 2020ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை இன்னும் கண்டிப்பானது. சோதித்து அங்கீகரித்த சாதனத் தொகுதியை, தகுதி பெற்ற பட்டறையே பொருத்த வேண்டும் என்கிறது.

நம் நாட்டிலும் இம்முறையே உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றுதல் கூடாது. 2016ஆம் ஆண்டு முதல் பழைய வண்டியை மின்சார வண்டியாக மாற்ற விதிகள் இடம் தந்துள்ளன. ஆனால் அதற்குரிய சாதனத் தொகுதி ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதிப்படி சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்றவரே பொருத்த வேண்டும். பதிவுச் சான்றிலும் மாறுதலைக் குறிக்க வேண்டும். ஆகவே இவ்வுரையைக் கேட்டுவிட்டு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டியைப் பிரித்துப்போட்டுச் சாலைக்குக் கொண்டுவர எவரும் முனையலாகாது. அனுமதி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்சும் கை கொடாது. அந்தச் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

பணச் செலவையும் சொல்ல வேண்டும். மேலே கூறிய ஈகிளாசிக்ஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் ஒரு வேனை மாற்றித் தர 64,900 யூரோவிலிருந்து விலை கூறியது. வீட்டில் தாமே செய்வோருக்கு இதைவிடக் குறைவாக ஆகலாம். ஆனால் மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நெடும்பயணம் செல்பவருக்குப் பெட்ரோல் மிச்சத்தால் இத்தொகை திரும்பி வாராது. நாள்தோறும் குறைந்த தூரம் ஓட்டி, இரவில் வீட்டில் சார்ஜ் செய்பவருக்கே இது பொருந்தும். வீட்டுச் சாதாரணப் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 2.3 யூனிட்தான் ஏறும். 38 யூனிட் நிறைய 16 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 32 ஆம்பியர் தனி இணைப்பு வைத்தால் ஆறு மணி நேரத்தில் முடியும். கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசி, துணி சுற்றிப் பத்திரப்படுத்துவோரும் உண்டு. வண்டியின் உடலில் எதையும் வெட்டாமல் வேலை செய்தால், பின்னொரு நாள் வேண்டுமாயின் அதைத் திரும்பப் பொருத்தலாம் அல்லவா?

நம் பஞ்சாயத்துக்கு இதில் என்ன?

ஜெர்மானியர் ஒருவர் தம் வேனை மாற்றுவதில் நமக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். நம் பஞ்சாயத்துகள் பலவற்றில் குப்பை சேகரிக்கப் பாட்டரி வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் குணமும் இந்த வேனின் குணமும் ஒன்றே. பாரம் மிகுந்தால் தூரம் குறையும். அடியோடு வற்றவிட்டால் பாட்டரி ஆயுள் குறையும். ஒரு மெலிந்த அறை மற்றவற்றையும் கெடுக்கும். ஆகவே புதிய வண்டி வாங்கத் தீர்மானம் போடுமுன், அவர்கள் பென்சிலோடு அமர்ந்து போட்ட அதே கணக்கை நாமும் போட வேண்டும். எத்தனை தெருக்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு எடை? எங்கே, யார் பொறுப்பில் சார்ஜ் செய்வது? வெயிலில் காயாமல் நிறுத்த நிழல் உண்டா? சார்ஜ் செய்த நாளையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைக்க ஓர் ஏடு உண்டா? தூரம் குறைந்துகொண்டு வருவதை அந்த ஏடு முன்கூட்டியே காட்டிவிடும். வண்டி நடுத்தெருவில் நின்ற பிறகு அறிந்து பயன் என்ன?

நம் ஊர் இளைஞர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார், வயரிங் வேலை கற்றவர்கள் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பையும் முறையாகக் கற்றுக்கொண்டால், பாட்டரி வண்டிகளைச் செப்பனிடும் தொழில் அவர்கள் கைக்கு வரும். மோட்டார் சுருளைக் கட்டத் தெரிந்தவர் நம் சந்தை ஊர்களில் குறைவில்லை. 12 வோல்ட்டுக்கும் 400 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் முதலில் கற்க வேண்டும். அத்தகைய பயிற்சிக்கு நம் ஊர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.

உடல் நன்றாக இருக்கும் ஒரு பொருளை வீணென்று எறியாமல், அதற்குப் புது விசை ஊட்டி இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கச் செய்வது நல்ல குடித்தனத்தின் இயல்பு. ஆனால் எடையைப் போட்டுப் பார்க்காமலும், கையுறை அணியாமலும், சான்று பெறாமலும் செய்தால் அதே வேலை குடும்பத்துக்குக் கேடாய் முடியும். இந்த மூன்றையும் மனத்தில் கொண்டு, உங்கள் ஊரில் ஓடும் பாட்டரி வண்டியை இந்த வாரமே ஒரு முறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். அது ஓடும் தூரத்தையும் ஓர் ஏட்டில் குறிக்கத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கிறோம்.